வினை என்று கூறல் தகுமோ?

காலையிலே திருநீறணிந்து, உணவுண்டு, மனைவிபால் விடைபெற்றுக் காரேறிச் சென்ற ஒருவன், நண்பகற்குள்ளே பெருஞ்சாலையில் மோதுண்டு, தலை பிளந்து, விலா முறிந்து, அறிவிழந்து மருத்துவமனையிற் கிடக்கின்றான். செய்தி கேட்டு ஓடிவந்த மனைவி, தீவிர சிகிச்சைப் பிரிவின் அடைத்த கதவுக்கு வெளியே, சுவரோரத்துப் பலகையில் அமர்ந்திருக்கின்றாள். காலையில் ஒருகாலும் மாலையில் ஒருகாலும் சில நிமிடங்களே உள்ளே சென்று காண அவளுக்கு இசைவுண்டு. எஞ்சிய பொழுதெல்லாம் அக்கதவு திறக்குந்தோறும் எழுந்து நிற்பதும், தன்னை அழைத்திலர் என்று கண்டு மீண்டும் அமர்வதுமே அவள் தொழிலாகின்றன. இஃது ஓரில்லத்து நிகழ்ச்சி மட்டுமென்று கருதற்க. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டுச் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நேர்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர் என்பது நடுவணரசின் கணக்கு. மாநிலங்களுள் அவ்வாண்டில் விபத்துக்கள் மிகுதியாக நேர்ந்தது தமிழ்நாட்டிலேயாம். அதன் தொகை 64,105. இவ்வெண்களின் பின்னே இத்தகைய பலகைகள் எத்துணை, அவற்றில் அமர்ந்து கதவை நோக்கியிருந்தார் எத்துணையர் என்பதை அறிவுடையோர் நினைத்தல் வேண்டும்.

அப்பலகையருகே உற்றாரும் அயலாரும் வருகின்றனர். வந்தோர் வாளா இருப்பதில்லை. ஆறுதலெனக் கருதிச் சில கூறுகின்றனர். அவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று கூற்றுக்களாய் அடங்கும். "அவர் முன்செய்த வினை, அனுபவித்தே தீரவேண்டும்" என்பது ஒன்று. "இவள் மாங்கல்ய பலம் இவ்வளவுதான் போலும்" என்பது, அவள் செவிக்கு எட்டாததுபோல எட்டுமாறு கூறப்படும் இரண்டாவது. "விதித்தபடியே முடியும், கடன்பட்டுக் காசைக் கொட்டி ஆவதென்ன?" என்பது மூன்றாவது. இம்மூன்றும் சைவத்தின் வினைக்கொள்கையாலே பெறப்பட்ட முடிபுகளென்றே கூறுவோர் எண்ணுகின்றனர். நெற்றியில் நீறும் கழுத்தில் கண்டிகையும் உடையாரே இவற்றைக் கூறுதலும் உண்டு. வினையுண்டு என்பது மெய்யாயின், அம்மெய்யை அடிபட்டவன் மனைவியின்முன் எடுத்துரைத்தல் எங்ஙனம் தவறாகும்? தவறன்றாயின், அது கேட்டு அவள் நெஞ்சு வேவது எதனால்? இவ்வினா சைவ நன்மக்கள் ஆராயற்பாலது, என்னை? விடை பிழைப்பின் துன்புறுவார் உளராகலின்.

முதற்கண் ஒன்று தெளிவாதல் வேண்டும். சித்தாந்தம் வினையை மறுப்பதன்று. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களுள் கன்மம் ஒன்று. அஃது உயிர்க்கு அநாதியே உள்ளது. ஈட்டப்பட்டுக் கிடக்கும் பழவினை சஞ்சிதம் எனவும், அதனினின்றும் பகுக்கப்பட்டு இவ்வுடம்பில் நுகரப்படுவது பிராரத்தம் எனவும், அதனை நுகருங்கால் புதிதாக ஏறுவது ஆகாமியம் எனவும் பெயர்பெறும். பிராரத்தம் வந்து பொருந்துங்கால் தெய்வத்தானும் உயிர்களானும் பூதங்களானும் வரும் வாயில்பற்றி ஆதிதைவிகம், ஆதியான்மிகம், ஆதிபௌதிகம் என மூவகைப்படும். சாலையிலே பிறனொருவன் செலுத்திய வண்டியால் வருந் துன்பமும் இவ்வாயில்களுள் அடங்குவதேயாம். இவ்வளவும் சைவர் யாவர்க்கும் உடன்பாடு. இதற்குமேல் ஓரடி எடுத்துவைக்கும்போதே பிழை புகுகின்றது.

வினையுண்டு என்னும் பொதுவுண்மையை அறிதல் வேறு. இன்ன துன்பம் இன்ன வினையின் பயன் என்னும் சிறப்புண்மையை அறிதல் வேறு. முன்னது நூலாற் பெறப்படும். பின்னது முற்றுணர்வுடைய இறைவன் ஒருவனுக்கே உரியது. வினை சடமாகலின் தன்னைச் செய்தவனைத் தானே தேடிச் சென்று பற்றமாட்டாது. உயிரும், இன்ன வினை இன்ன காலத்தில் தன்னை அடைக என்று தெரிந்து கொள்ளும் அறிவுடையதன்று. இரண்டனையும் அறிந்து கூட்டுவோன் சிவபிரானே என்பது சித்தாந்தத் துணிபு. அங்ஙனமாகவும், சாலையோரத்தில் நொறுங்கிக் கிடந்த காரைக் கண்டவுடனே, 'இவன் முன்செய்தது இது' என்று முடிவுகூறுவான், தன் கையில் இல்லாத ஏட்டை விரித்துப் படிப்பவனாகின்றான். அவன் கூறியது வினைக்கொள்கை யன்று; அக்கொள்கையின் பெயராற் கூறிய ஊகமேயாம். மெய்யை உரைத்தல் எங்ஙனம் தவறாகும் என்னும் வினாவுக்கு ஒரு விடை ஈண்டே கிடைக்கின்றது: தான் உரைத்தது மெய்யோ அன்றோ என்பதை உரைத்தவனே அறியான்.

அன்றியும், இறைவன் வினைப்பயனைக் கூட்டுவது பழிவாங்குதற்கன்று. மலம் பரிபாகமுற்று உயிர் உய்தற்பொருட்டேயாம். மருத்துவன் கட்டியை அறுப்பதும் கைப்பு மருந்தை ஊட்டுவதும் நோயாளியின்மேல் வெகுண்டு செய்வன அல்ல என்பது சைவ நூலாசிரியர்க்குப் பழகிய உவமம். அறுவைக் கூடத்தின் வாயிலில் நின்றுகொண்டு, 'கத்தி படுகின்றது. ஆகலின் இவன் தீயவன்' என்பானை உலகம் நகும். இறைவனது செயலில் அருளைக் காணாது தண்டனையை மட்டும் காண்பானும் அவனை ஒப்பவனே. அவன் அடிபட்டவனை இகழ்ந்ததோடு அமையாது, அருளாளனையும் ஒறுப்பாளனாக்கிக் குறைகூறினான்.

அற்றேல், அடிபட்டவன் வினையே காரணமென்றால், மோதியவனுக்குக் குற்றமில்லையோ எனின், உண்டு. பிறன் வினையைக் காட்டித் தன் செயலை மறைக்கலாமாயின், குடித்துவிட்டு வண்டி செலுத்தியவனும், விளக்கின்றி இரவிலே நடுச்சாலையில் லாரியை நிறுத்தியவனும், பள்ளத்தை மூடாது விட்டவனும் பழியற்றவராவர். அதன்மேல் உலகத்தில் பாவமென்பதே இல்லையாய் முடியும். ஒருவனது நுகர்வினைக்கு வாயிலாய் நின்றவன் தன் செயலாலே தனக்கு ஏறுவினையை ஈட்டிக்கொள்கின்றான். பிறனுடைய பிராரத்தம் இவனுடைய ஆகாமியத்தை அழிக்கமாட்டாது. வண்டியால் மோதினவனுக்கு உரிய இந்நியாயம், சொல்லால் மோதுகின்றவனுக்கும் ஒக்கும். மனைவியின் துன்பம் அவள் நுகர்வினையே யாயினும், அதனைத் தன் நாவினால் மிகுவித்தவன் அவ்விடத்திலேயே தனக்கொரு வினையை ஏற்றிக்கொண்டே வீடு திரும்புகின்றான்.

இனி, வினையின் காரணம் ஊகத்தானன்றி வெளிப்படையாகவே அறியப்பட்டவிடத்துச் சைவப் பெரியார் எங்ஙனம் ஒழுகினர் என்பது நோக்கத்தக்கது. மதுரையிலே பாண்டியனை வெப்புநோய் பற்றியது. திருஞானசம்பந்தர் எழுந்தருளியிருந்த மடத்திலே தீ வைக்கப்பட்டதும், அத்தீயின் பயனே அரசனைச் சேர்ந்ததும் பெரியபுராணங் கற்றார் யாவரும் அறிவர். ஈண்டு ஐயத்திற்கு இடமில்லை. நோய் இன்ன செயலின் விளைவென்பது அரசியாராகிய மங்கையர்க்கரசியாருக்கும் அமைச்சராகிய குலச்சிறையாருக்கும் தெரிந்திருந்தது. 'செய்தது வந்தது, பொறுத்துக் கொள்க' என்று அவர்கள் இருந்துவிடவில்லை. காரணத்தை அரசனுக்கு அவர்கள் எடுத்துக்காட்டியதும், அதனைத் தீர்க்க வல்லாரை அழைத்தற்பொருட்டேயாம். தீர்வழியை ஒழித்துக் காரணத்தை மட்டும் கூறிற்றிலர். தீங்கு செய்யப்பட்டாராகிய பிள்ளையாரோ, அழைத்தவுடன் எழுந்து சென்று, தம் திருக்கரத்தால் நீறு தடவி வலப்பக்கத்தின் வெப்பத்தைத் தணித்தார். இடப்பக்கம் தணியாதிருக்க அரசன் வேண்டியபோது அதனையும் தணித்தருளினார். குற்றம் வெளிப்படையாக இருந்தவிடத்தே இவ்வாறாயின், யாதொரு குற்றமும் அறியப்படாத ஒருவன் சாலையில் அடிபட்டுக் கிடக்கும்போது, அவன் வினையை ஆராயப் புகுதல் யார் காட்டிய வழி?

இரண்டாம் கூற்று இதனினும் கொடிது. அது துன்புற்றாளையே துன்பத்திற்குக் காரணமாக்குகின்றது. கணவன் அடிபட்டது மனைவியின் மாங்கல்யக் குறைவினால் என்பார்க்குச் சித்தாந்தத்தில் நிழலளவும் இடமில்லை. செய்தவனே நுகர்வான் என்பது வினைக்கொள்கையின் அடிநிலம். ஒருவர் செய்ததை மற்றொருவர் நுகர்வாராயின், செய்யாதது வந்து சேர்தலும் செய்தது பயனின்றிக் கெடுதலுமாகிய இருகுற்றமும் தங்கும். வினையென்னும் கொள்கையே நில்லாது சாயும். கணவன் உடம்பில் வந்த காயம் கணவனுயிர் நுகர்வது. அது கண்டு மனைவி நெஞ்சில் எழுந்த துயர் மனைவியின் உயிர் நுகர்வது. இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமையின் ஒன்று மற்றொன்றற்குக் காரணமென்று கொள்ளுதல் அறியாமை. ஒரோடத்தில் இருவர் செல்ல ஓடம் கவிழ்ந்ததாயின், ஒருவன் நனைந்தமைக்கு மற்றவனது ஈரம் காரணமாகுமோ?

மேலும், இக்கூற்றின் நேர்மையை ஆராய்தற்கு எளிய அளவையொன்று உண்டு. அக்காரில் அடிபட்டவள் மனைவியாய், வெளியே பலகையில் அமர்ந்திருப்பவன் கணவனாயின், 'இவன் பாக்கியம் இவ்வளவுதான். இவனாலே அவளுக்கு இக்கதி வந்தது' என்று எவரேனும் அவன் செவிப்படக் கூறுவரோ? கூறார். அவனுக்கு இரக்கமே காட்டுவர். வினை ஆண்பெண் நோக்காது யாவர்க்கும் ஒப்ப நிகழ்வதாக, அதன் பெயராற் கூறும் பழிமட்டும் ஒருபாலார்மேலே சென்று விழுமாயின், அப்பழி நூலிலிருந்து வந்ததன்று, வழக்கத்திலிருந்து வந்ததென்பது வெள்ளிடைமலை.

அற்றன்று, சேக்கிழார் பெருமானே பாண்டிமாதேவியாரின் மங்கல நாணைச் சுட்டினாரன்றோ எனின், நன்று கேட்டீர். அதனைச் சுட்டிய இடத்தையும் நோக்குக. தீயின் வெப்பம் அரசனை மெல்லச் சென்று பற்றுமாறு பிள்ளையார் திருவுளங்கொண்டமைக்குரிய காரணங்களுள் ஒன்றாகவே அது கூறப்பட்டது. அஃதாவது, மனைவியின் மங்கலம் கணவனைக் காத்தற்கு ஏதுவாகக் காட்டப்பட்டதேயன்றி, அவன் துன்பத்திற்கு ஏதுவாகக் காட்டப்பட்டிலது. அருளுக்குக் காரணமாகக் கூறியதைப் பழிக்குக் காரணமாகத் திரித்தல் நூலைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தலையே ஒக்கும். திலகவதியார் வரலாறும் ஈண்டு நினைக்கற்பாலது. அவர்க்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உலகவழக்கால் அளப்போர் அவரைப் பாக்கியமிலார் என்றே கூறுவர். உயிர்துறக்கத் துணிந்த அவர், தம்பியார் பொருட்டு உயிர்தாங்கி, எவ்வுயிர்க்கும் அருள்பூண்டு இருந்தார். அத்தம்பியாரே சூலைநோயால் வருந்தி வந்தபோது, நீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. திருநாவுக்கரசரைச் சைவம் பெற்றது அவ்வம்மையார் வாயிலாகவென்றால், துணையிழந்த பெண்ணைத் தீக்குறியென்று நோக்கும் கண் சைவக் கண்ணாதல் யாங்ஙனம்?

மூன்றாவது, முயற்சி வீண் என்னும் கூற்று. இக்காலத்து மருத்துவர் தலைக்காயத்தை இருதிறமாகப் பகுத்து அறிகின்றனர். மோதிய கணத்திலே மூளைக்கு நேர்ந்தது முதற்காயம். அதனை மீட்டு இல்லையாக்க இயலாது. பின்னர் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் மூளை வீங்குதல், உட்குருதி தேங்கி அழுத்துதல், குருதியோட்டமும் உயிர்க்காற்றும் குறைதல் ஆகியவற்றால் விளைவது இரண்டாங் காயம். ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதும், தேங்கிய குருதியை அறுத்து வாங்குவதும், செயற்கைச் சுவாசக் கருவியைப் பொருத்துவதும் பெரும்பாலும் இவ்விரண்டாங் காயத்தைத் தடுத்தற்கேயாம். அறிவுநிலையை அளத்தற்கு, கண் திறத்தல், சொல்லாடல், உறுப்பசைத்தல் ஆகிய மூன்றையும் நோக்கும் முறையொன்றை, 1974-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து மருத்துவராகிய டீஸ்டேல், ஜென்னெட் என்னும் இருவர் வெளியிட்டனர். இக்காலத்து 3 முதல் 15 வரை எண்ணிடப்படும் அம்முறையில் 8-உம் அதனிற் குறைந்ததும் கடுங்காயமெனப்படும். எனினும், அவ்வெண்ணை ஒருமுறை குறித்து மருத்துவர் அமைவதில்லை. மீண்டும் மீண்டும் நோக்கிக் குறிக்கின்றனர். குறைந்த எண் ஏறுதலும் உண்டு. கருவிகொண்டு அளக்கும் அவர்களே முதல்நாளில் முடிவுகூற அஞ்சி, 'பொறுத்துப் பார்க்கவேண்டும்' என்கின்றனர். யாதொரு கருவியும் இல்லாதார் வாயிலில் நின்றே முடிவு கூறிவிடுகின்றனர்.

நடந்த கணம் மனிதர் கையில் இல்லை. அதன்பின் வருவதிற் சிறிதளவேனும் மனிதர் கையில் உண்டு. இதனை மறுக்கச் சித்தாந்தத்தில் விதியில்லை. அடிபடுதல் வினைவழி வந்ததாயின், ஆம்புலன்ஸ் விரைந்து வருதலும், கைதேர்ந்த மருத்துவன் வாய்த்தலும், முன்பின் அறியாதான் ஒருவன் குருதி கொடுத்தலும் எவ்வழி வந்தன? துன்பத்தை மட்டும் வினைக்கணக்கில் எழுதி, உதவியை வீண்கணக்கில் எழுதுவது ஒருகண் மூடிய கணக்காகும். வினைப்படியே யாவும் முடியும் என்று முயற்சியை விலக்குவோர், தமக்குப் பசித்தபோது உலையை மூட்டாது ஊழை நோக்கி இருப்பதைக் கண்டாரில்லை. பிறர்க்கு நோய் வந்தபோது மட்டும் ஊழ் முந்தி நிற்கின்றது. திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. வினையால் வந்ததென்று இருந்துவிடாமல், உய்யும் வழியை நாடாமையே குறையென்று உணர்த்தித் திருநீலகண்டத் திருப்பதிகம் பாடியருளினார், சுரமும் நீங்கிற்று. வினையறிவு கையைக் கட்டுதற்கு வந்ததன்று, கையைத் தொழுதற்கும் தொண்டுக்கும் உரியதாக்க வந்ததென்பது அவ்வரலாற்றின் பயன்.

இது பலகையருகே நிற்பார்க்கு மட்டுமன்று, சாலையோரத்தில் நிற்பார்க்கும் உரியது. அடிபட்டவனைத் தூக்கினால் போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் அலையவேண்டி வருமென்று அஞ்சிப் பலர் விலகிச் சென்றதுண்டு. உதவினாரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிகளை 2016-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. 2019-ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்திலே 134ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, நல்லெண்ணத்தோடு உதவியவன்மேல் அவ்வுதவிபற்றி வழக்கில்லை என்பது சட்டமாயிற்று. தமிழ்நாட்டரசு 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டம், இம்மாநில எல்லைக்குள் அடிபட்டார் எவ்வூரவராயினும், அதற்கென அமைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணிநேரத்துச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெற வழிசெய்தது. அரசும் சட்டமும் அச்சத்தை நீக்கியபின்னரும், செல்பேசியிற் படமெடுத்துக்கொண்டு 'விதி' என்று பெருமூச்செறிந்து செல்வானுக்கு, வினைக்கொள்கை புகலிடமாகாது.

இங்ஙனம் கூறுவோர் யாவரும் கொடியர் என்பது கருத்தன்று. பெரும்பாலோர் நல்லவரே. அச்சமே அவரைப் பேசுவிக்கின்றது. நேற்றுவரை தம்மோடு பேசியிருந்த ஒருவன் ஒரு கணத்தில் வீழ்ந்தானென்றால், தமக்கும் அது நேரலாம் என்னும் நடுக்கம் எவர்க்கும் எழுவதே. 'அவன் வினை' என்று கூறியவுடன், அவனுக்கும் தமக்கும் இடையே ஒரு வேலி எழுந்ததுபோலத் தோன்றுகின்றது. அவன் வினையுடையான், தாம் அதற்குப் புறம்பானவர் என்று ஒரு பொய்யமைதி கிட்டுகின்றது. ஆயின், வினையை உள்ளவாறு உணர்ந்தவனுக்கு அவ்வேலி இல்லை. தனக்குரிய சஞ்சிதத்தில் யாது கிடக்கின்றதென்று அவனும் அறியான். அவ்வுணர்ச்சி அவனை அடிபட்டவன் பக்கலிலே நிறுத்துமேயன்றி, எதிரே நிறுத்தாது.

அங்ஙனமாயின் வினையென்னும் சொல்லை வழங்குதற்கு இடமே இல்லையோ எனின், உண்டு. தமிழிலக்கணத்திலே வினைச்சொல் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்தும் வரும். சித்தாந்தத்து வினையோ, துன்பம்பற்றி வழங்குங்கால், தன்மையிடம் ஒன்றற்கே உரியது. 'என் வினை இது' என்று தன்னைக் குறித்துத் தான் கூறுவானுக்கு அச்சொல் மருந்தாகின்றது. பிறரைச் சினவாமைக்கும், இறைவனை நோவாமைக்கும், வந்ததைப் பொறுத்தற்கும், மேல்வினை ஏறாது காத்தற்கும் அது துணைசெய்கின்றது. அதே சொல்லை 'உன் வினை' என முன்னிலையிற் கூறின் அம்பாகின்றது. 'அவன் வினை' எனப் படர்க்கையிற் கூறின், உதவாது விலகுதற்குப் போர்வையாகின்றது. பலகையில் அமர்ந்த மனைவி, பின்னொருநாள் துயர் தணிந்து, 'என் வினை இருந்தவாறு' என்று தானே கூறுவாளாயின், அது பக்குவத்தின் அடையாளம். அதனை அவள் கூறுமுன்னர்ப் பிறர் அவள் வாயிற் புகட்டுதல், காயாத புண்ணிலே கைவைத்தல்.

பின், அங்கே சென்றவர் செய்யத்தக்கது யாது? ஒன்றும் கூறாது அருகே இருத்தலே முதற்றொண்டு. அவள் உண்டாளோ என்று கேட்டு உணவு கொணர்தல், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்றல், வீட்டிலே குழந்தைகளுக்குத் துணையாதல், இரவில் அவள் சிறிது கண்ணயரத் தாம் விழித்திருத்தல், குருதி வேண்டின் கொடுத்தல் ஆகிய யாவும் சரியைத் தொண்டுக்கு ஒப்பானவையே. அவள் விரும்பின் நீறளித்து ஐந்தெழுத்தை உடனிருந்து ஓதலாம். உள்ளே கிடப்பவனிடத்தும் சொல் வேண்டற்பாலதே. அறிவிழந்து கிடப்பவன் வெறுங்கட்டை யல்லன். ஐந்தவத்தைகளையும் விரித்த சித்தாந்தம், கருவிகள் நீங்கநீங்க உயிரின் அறிவு வெளிப்படாது நிற்குமென்றதே யன்றி, உயிர் இல்லையாமென்று கூறிற்றன்று. ஆழ்ந்த உறக்கத்தில் ஒன்றும் அறியாதானை உயிரற்றவனென்று கொள்வாரில்லை. ஆகலின், அனுமதிக்கப்பட்ட சில நிமிடங்களில் மனைவி அவன் கையைப் பற்றி, பெயர் சொல்லி, வீட்டுச் செய்தி கூறி, சிவநாமம் ஓதுதல் பேதைமையன்று. அவன் படுக்கையருகே நின்று, அவன் பிழையான், பிழைத்தாலும் பயனில்லை என்று பிறர் பேசுவதே பேதைமை.

உயிர் மீண்டபின்னரும் இத்துன்பம் முடிவதில்லை என்பதையும் உற்றார் அறிதல் வேண்டும். கடுந்தலைக்காயம் உற்றவன் கண்விழித்தபின் சிலபோது பழைய மனிதனாக இரான். நினைவு தடுமாறும், சொல் குழறும், சிறியதற்கும் வெகுளி பொங்கும், மென்மையாகப் பேசினவன் வன்மையாகப் பேசுவான். இதனை அவன் குணக்கேடென்று கொள்ளலாகாது. உயிர் வேறு, அது அறிதற்கும் செயற்படுதற்கும் கருவியாகிய உடம்பு வேறு என்று பகுத்துணர்த்துவது சைவத்தின் முதற்பாடம். விளக்கின் கண்ணாடி விரிந்தவிடத்து ஒளி கோணிப் படும், கோணல் ஒளியினுடையதன்று. இவ்வுண்மையை ஏட்டிற் கற்றார் பலர். திங்கள்தோறும், ஆண்டுதோறும், கணவனுக்கு ஊட்டியும் உடுத்தியும், அவன் கூறும் சுடுசொல்லைப் பொறுத்தும் வாழும் மனைவி அதனை வாழ்விலே கற்கின்றாள். மனைவி அடிபட, அவளை அங்ஙனம் பேணும் கணவனும் அப்பாடத்தையே கற்கின்றான். முதல்வாரத்திலே கூட்டமாய் வந்தோர் ஆறாம் திங்களில் ஒருவரும் வாராமை உலக வழக்கு. தொண்டு செய்யக் கருதும் அன்பர் ஆறாம் திங்களிலே செல்க.

சிலர் மீளார். எத்துணை முயன்றும், எத்துணை வேண்டியும், நுகர்வினை முடிந்தவிடத்து உடம்பு வீழும். அப்பொழுது, 'வேண்டுதல் குறைந்தது', 'இன்ன தலத்துக்குச் சென்றிருந்தால் பிழைத்திருப்பான்' என்று கூறுவாரும் உளர். அதுவும் முன்னைய மூன்றோடு நான்காவதாக வைத்து விலக்கத்தக்கது. வழிபாடு இறைவனோடு செய்யும் வாணிகமன்று. கொடுத்த அளவுக்குக் கொள்ளும் பண்டமன்று அவனருள். கதவருகே அமர்ந்து அவள் ஓதிய ஐந்தெழுத்து, கணவன் மீளாமையால் வீணாயிற்று என்று கொள்ளற்க. அது சென்றடைந்த இடம் இறைவன் திருவடி. அதன் பயன் எவ்வுயிர்க்கு எவ்வாறு கூட்டப்படும் என்பது அவன் அறிவதே. உயிர்க்குயிராய் நிற்கும் அவன், அறிவிழந்து உள்ளே கிடந்தானுக்கும், உறக்கமின்றி வெளியே இருந்தாளுக்கும் ஒப்ப உடனிருந்தான் என்பதே சைவர் துணிபு. அத்துணிபு உடையார் அவளருகே சென்று அமரும்போது நாவை அடக்கி, கையை நீட்டுவாராக.

திருச்சிற்றம்பலம்.